வாங்கித் தருவதா, செய்ய வைப்பதா?



நம் பள்ளிக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கித் தருவது என்று பழைய மாணவர்கள் குழுவில் பத்து நாளாகப் பேச்சு நடக்கிறது. பணமும் சேர ஆரம்பித்துவிட்டது. பார்க்க மனம் நிறைந்தது. "டீச்சர் ஒண்ணும் சொல்லலையே" என்று மூன்று பேர் தனியாகவே கேட்டுவிட்டீர்கள். குழுவில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெலஸ்கோப்பை முழுதாக வாங்கித் தர வேண்டாம். 6 அங்குலக் குழியாடி ஒன்றை நம் பிள்ளைகளே தேய்த்து, மெருகேற்றிச் செய்யட்டும். அதிலும், மெருகேற்றும் கருவியை அவர்கள் கையாலேயே தயார் செய்யட்டும். "கண்ணாடியை அவங்க தேய்க்கட்டும் டீச்சர், அந்த பிட்ச் வேலையை மட்டும் விட்டுடலாம், ரெடிமேடா ஒட்டுற பேட் கிடைக்குது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் முக்கியமாக மறுப்பது அதைத்தான். குழாயை வாங்கலாம், கண்வில்லையை வாங்கலாம், ஸ்டாண்டைத் தச்சரிடம் சொல்லிச் செய்யலாம். அந்தக் கருவியை மட்டும் வாங்கக் கூடாது.

ஏன் என்று சொல்வதற்கு முன், வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேர் அது என்னவென்று தெரியாமலே கை தூக்கியிருக்கிறீர்கள்.

அறிவியல் பாடத்தில் குழியாடி படித்தீர்கள். ஒளிக்கதிர் வந்து பட்டுக் குவியத்தில் சேரும் என்று படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கினீர்கள். நியூட்டன் செய்த வகை டெலஸ்கோப்பில் அந்தக் குழியாடிதான் உயிர். அதைச் செய்ய ஒரே அளவில் இரண்டு வட்டமான கண்ணாடி போதும். ஒன்றின் மேல் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் போட்டு, மற்றொன்றை அதன் மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே ஆளும் சுற்றி நடக்க வேண்டும், கண்ணாடியையும் திருப்ப வேண்டும். மேலே இருப்பது மெல்லக் குழியும், கீழே இருப்பது மெல்லக் குவியும். யாரும் அச்சு வைத்து வெட்டாமலே இரண்டும் கோள வடிவத்துக்கு வந்துவிடும். எல்லாத் திசையிலும் ஒன்றோடொன்று ஒட்டி நகரக்கூடிய வளைந்த பரப்பு கோளம் ஒன்றுதான். அதனால் வேறு வடிவத்துக்குப் போக அதற்கு வழி கிடையாது.

6 அங்குல வட்டில், 48 அங்குலக் குவியத் தொலைவுக்கு எவ்வளவு குழி வேண்டும் தெரியுமா? நடுவில் 1.2 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் கூட இல்லை. பிறகு தூளை 80, 120, 220, 320 என்று படிப்படியாக நைசாக்கிக்கொண்டே போனால் பரப்பு பாலேடு படிந்த மாதிரி மங்கலாக, ஆனால் ஒரே சீராக வந்து நிற்கும். இதுவரை பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

இதற்குப் பிறகு அந்த மங்கலைப் பளிங்காக்க வேண்டும். அதுவும் எப்படி? நல்ல ஆடியின் பரப்பு இருக்க வேண்டிய வடிவத்திலிருந்து சுமார் 70 நானோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. துணி வைத்துத் தேய்த்தாலும் பளபளப்பு வரும். ஆனால் துணி மெத்தென்று பள்ளத்திலும் மேட்டிலும் சேர்ந்தே அமுங்கும், விளிம்பைச் சரித்துவிடும். கண்ணாடியைக் கண்ணாடியால் மெருகேற்றலாம் என்றால், கடினமான பரப்பில் மெருகுத்தூள் உருண்டு கீறல்தான் போடும். மெத்தென்றும் இருக்கக் கூடாது, கல்லாகவும் இருக்கக் கூடாது. அவசரமாகத் தள்ளும்போது கெட்டியாக நிற்க வேண்டும், சும்மா வைத்து அழுத்தினால் மெல்ல வழிந்து ஆடியின் வடிவத்துக்குத் தானே பொருந்திக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் பிட்ச். பழைய தமிழில் கீல் என்பார்கள்.

பிட்ச்சைச் சுத்தியலால் தட்டினால் கண்ணாடி மாதிரி உடைந்து தெறிக்கும். அதையே ஒரு புனலில் வைத்து விட்டுவிட்டால் ஒழுகும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் ஒரு புனலில் பிட்ச்சை ஊற்றி இறுக வைத்தார். 1930இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். 2014 வரை ஒன்பது சொட்டுதான் விழுந்திருக்கிறது. அதாவது அது திடப்பொருள் மாதிரி நடிக்கும் திரவம். "திடப்பொருளுக்கும் திரவப்பொருளுக்கும் வேறுபாடு எழுதுக" என்று நான் உங்களிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் இல்லாத பதில் இந்தப் பொருளில் இருக்கிறது.

இந்தப் பிட்ச்சை ஒரு வட்டத் தட்டின் மேல் ஊற்றி, ஆடியின் வடிவத்துக்குப் பொருத்தி, வாய்க்கால் வெட்டித் தயார் செய்வதுதான் மெருகுத் தட்டு. ஆங்கிலத்தில் லேப் என்பார்கள். ஆய்வகம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம், இது வேறு லேப்.

எப்படிச் செய்வது என்று ஒரு தரம் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, ஊர் ஊராய்ப் போய்க் கற்றுத்தரும் ஆர்வலர்களோடு உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டேன். எங்கள் மொட்டை மாடியில் இரண்டு ஆடிகள் செய்திருக்கிறேன். என் தங்கை மகன்கள் சாட்சி.

முதலில் அடித்தட்டு. ஆடியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, சுற்றிலும் கெட்டி அட்டையால் கரை கட்டி, பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் கெட்டி பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால் ஆடியின் குழிவுக்குப் பொருத்தமாகக் குவிந்த தட்டு கிடைக்கும். அது நன்றாகக் காய வேண்டும். காய்ந்த பின் வார்னிஷ் அடித்துத் தண்ணீர் இறங்காமல் செய்ய வேண்டும்.

பிறகு பிட்ச்சை உருக்குவது. அடுப்புத் தீயில் நேராக வைக்கக் கூடாது. மின் அடுப்பில், மிதமான சூட்டில், மெதுவாக. கொதிக்க விட்டால் குமிழி வரும், ஆவியாக வேண்டாதது ஆவியாகிப் பிட்ச்சின் குணமே மாறிவிடும். உருகியதும் ஒரு கரண்டி எடுத்து, அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் விட்டு, சிறிது நேரம் பொறுத்து எடுத்துக் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நிதானமாக அழுத்தினால் சில விநாடிகளில் நகத்தின் தடம் மெல்ல விழ வேண்டும். வெடுக்கென்று குத்தினால் சில்லாகத் தெறிக்க வேண்டும். தடமே விழாவிட்டால் கெட்டி. அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளி வைத்து, துளித்துளியாக டர்பன்டைன் சேர்க்க வேண்டும். விரல் அப்படியே அமுங்கினால் இளகல்; இன்னும் கொஞ்ச நேரம் சூட்டில் வைக்கலாம், இல்லாவிட்டால் கொஞ்சம் ரோசின் சேர்க்கலாம்.

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது உங்கள் அம்மாவும் பாட்டியும் செய்ததுதான். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "இன்னும் பதம் வரல" என்பார்கள். அந்தப் பதத்துக்குத் தெர்மாமீட்டர் கிடையாது. நேற்று வந்த நேரத்தில் இன்று வராது. வெல்லம் வேறு, அடுப்பு வேறு, அன்றைய ஈரம் வேறு.

பிட்ச்சுக்கும் அப்படித்தான். வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கும் பக்குவம் அவர்கள் ஊர்க் குளிருக்கானது. 20 டிகிரியில் சரியாக இருக்கும் பிட்ச் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரே நாளில் வழிந்து வாய்க்காலை மூடிவிடும். நமக்கு இன்னும் கெட்டியான பதம் வேண்டும். எந்த மாதத்தில், எந்த அறையில், எத்தனை மணிக்கு மெருகேற்றப் போகிறோம் என்பதை யோசித்துத்தான் பதம் வைக்க வேண்டும். இதை எந்த யூடியூப் வீடியோவும் நமக்காகச் சொல்லாது. நாம்தான் விரலை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பதம் வந்ததும், வெதுவெதுப்பாக்கிய தட்டின் மேல் ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்ற வேண்டும். விரலில் ஒட்டாத அளவுக்கு இறுகத் தொடங்கும்போது, வெதுவெதுப்பான ஆடியின் மேல் சீரியம் ஆக்ஸைடு கரைசலைத் தாராளமாகத் தடவிப் பிட்ச்சின் மேல் வைத்து, ஒட்டிக்கொள்ளாமல் நகர்த்தி நகர்த்தி அழுத்த வேண்டும். சீரியம் ஆக்ஸைடு என்பது கார் கண்ணாடிக் கீறலைத் தேய்த்து எடுக்கப் பயன்படும் அதே மெருகுத்தூள்.

பிறகு வாய்க்கால். சுமார் ஓர் அங்குலச் சதுரங்களாக வரும்படி குறுக்கும் நெடுக்கும் வெட்ட வேண்டும். மெருகுத்தூள் கரைசல் எல்லா இடத்துக்கும் போகவும், அழுத்தும்போது பிட்ச் வழிந்து இறங்கவும் அந்த இடம் வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தட்டின் மையம் ஒரு சதுரத்தின் நடுவிலும் வரக் கூடாது, நான்கு சதுரம் சந்திக்கும் முனையிலும் வரக் கூடாது. கொஞ்சம் தள்ளி வர வேண்டும். கோலப் புள்ளி மாதிரி அழகாக மையத்தில் வைத்துவிட்டால், சுற்றிச் சுற்றித் தேய்க்கும்போது அந்த அழகு ஆடியில் வளையம் வளையமாகப் பதிந்துவிடும். பார்க்க ஒழுங்காக இருப்பது வேறு, வேலைக்கு ஒழுங்காக இருப்பது வேறு. இதை ஒரு குழந்தை தன் கையால் வெட்டும்போது கற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்காது.

அதற்கு மேல் கொசுவலைத் துண்டை வைத்து அழுத்தினால் ஒவ்வொரு சதுரத்திலும் பொடிப்பொடிக் கட்டங்கள் விழும். தூள் தங்க வசதி. கடைசியாக, ஒவ்வொரு முறை மெருகேற்ற உட்காருவதற்கு முன்பும், ஆடியைத் தட்டின் மேல் வைத்து அளவான பாரம் ஏற்றிக் கால் மணி, அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். பிட்ச் மெதுவாக வழிந்து ஆடியோடு பொருந்தும். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால், ஒட்டிய இடம் ஒரே சீராகக் கருமையாகத் தெரியும். ஒட்டாத இடம் வெளுத்துத் தெரியும். வெளுப்பு இருக்கும்வரை தேய்க்கக் கூடாது. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு எதற்குச் சொன்னேன் என்றால், இந்த வேலையில் எங்கேயும் எண் இல்லை. விடைத்தாள் இல்லை. "சரியா டீச்சர்?" என்று குழந்தை கேட்டால், "நீயே நகத்தை வைத்துப் பார்" என்றுதான் நான் சொல்ல முடியும். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்காத பயிற்சி இதுதான். சரியா தப்பா என்பதைச் சிவப்பு மைதான் சொல்ல வேண்டும் என்று அவர்களைப் பழக்கிவிட்டோம். பொருளையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது, தச்சுப் பட்டறையில் இருக்கிறது, குயவர் வீட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாசலில் அதைச் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள்.

ரெடிமேட் பேட் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். பேட் வேகமாக மெருகேற்றும், அதில் சந்தேகமில்லை. அனுபவசாலிகளே ஆரம்பத்தில் பேட் வைத்து மெருகேற்றிவிட்டு, வடிவத்தைத் திருத்தப் பிட்ச்சுக்கு மாறுவது உண்டு. ஆனால் கடைசியில் அந்த நானோமீட்டர் கணக்குக்கு வர வேண்டுமென்றால் பிட்ச்சிடம்தான் வர வேண்டும். குறுக்கு வழி பாதி தூரம்தான் போகிறது.

இப்போது உங்கள் எதிர்வாதங்கள்.

ஓசூரில் டூல் ரூமில் இருக்கும் தம்பி எழுதியிருந்தான்: "டீச்சர், இப்ப எல்லாம் மிஷின்ல வருது. நாம கஷ்டப்பட்டு செய்யறதைவிட கடையில வாங்கறது நல்லாவே இருக்கும்." உண்மை. நான் மறுக்கவில்லை. சனிக்கோளின் வளையத்தைப் பிள்ளைகள் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், நாளைக்கே ஆர்டர் போடலாம். ஆனால் அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், தம்பி. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் அன்பளிப்பாக வந்த புரொஜெக்டர் இருப்புப் பதிவேட்டில் ஏறிய அன்றே பீரோவுக்குள் போனது. உடைந்தால் யார் பதில் சொல்வது? தணிக்கைக்கு வருபவர்கள் கேட்டால் பொருள் இருக்க வேண்டும். பயன்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் அது. விலை உயர்ந்த டெலஸ்கோப்புக்கும் அதே பீரோதான் காத்திருக்கிறது.

பிள்ளைகளே செய்த பொருளுக்கு அந்தப் பயம் இல்லை. பிட்ச் வழிந்துவிட்டதா? திரும்ப வெந்நீரில் காட்டி அழுத்திக்கொள்வார்கள். ஆடியில் கீறல் விழுந்ததா? நைஸ் தூளுக்குத் திரும்பிப் போய் மறுபடி வருவார்கள். திறக்கத் தெரிந்தவன் கையில் சாவி தேவையில்லை.

இரண்டாவது எதிர்வாதம்: "சூடான பிட்ச், டர்பன்டைன், சின்னப் பிள்ளைங்க. ஏதாவது ஆச்சுன்னா?" இதைக் கேட்டது ஒரு தாய். சரியான கேள்வி. இதற்கு என் நிபந்தனைகள் கறாரானவை. உருக்குவதும் ஊற்றுவதும் பெரியவர்கள் மட்டும். திறந்த வெளியில், மின் அடுப்பில், பருத்தி உடையும் முழுக்கை உறையும் கண் கவசமும் போட்டுக்கொண்டு. டர்பன்டைன் சேர்க்கும்போது பக்கத்தில் தீ இருக்கவே கூடாது. பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மூடிதான் போட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. கையில் பட்டால் முக்கி வைக்க ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் தனியாக இருக்க வேண்டும். பிள்ளைகள் கோடு கிழித்துத் தள்ளி நின்று பார்ப்பார்கள். ஆறிய மாதிரியை நகம் வைத்துப் பதம் சொல்வது, வெதுவெதுப்பில் அழுத்துவது, வாய்க்கால் வெட்டுவது, மெருகேற்றுவது எல்லாம் அவர்கள் வேலை. அதுவும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் விடுகிறோமே, அதைவிட இது பத்திரம்.

மூன்றாவது: "பரீட்சை இருக்கே, நேரம் ஏது?" ஒரே நாளில் முடியாது என்பது உண்மை. தேய்க்க, மெருகேற்ற, சோதிக்க, மாதங்கள் ஆகும். ஆனால் வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் விகிதம், வட்டம், பரப்பு, வெப்பம், ஒளி, திட திரவ நிலை அத்தனையும் வருகிறது. நான் பாடமாக நடத்தியிருந்தால் ஒரு பருவம் ஆகும்.

நான்காவது, யாரும் வெளிப்படையாகக் கேட்காதது: "இவ்வளவு செய்து ஆடி நன்றாக வராவிட்டால்?" வரும். 6 அங்குலத்தில் 48 அங்குலக் குவியம் என்று நான் சொன்னதற்குக் காரணமே அதுதான். அந்த அளவில் சரியான கோளமாக வந்தாலே ஏறக்குறையப் போதும். பரவளையமாகத் திருத்த வேண்டியது மிகக் குறைவு. சோதிக்க லியோன் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1858இல் கண்டுபிடித்த முறை இருக்கிறது. ஒரு சிறு விளக்கும் ஒரு சவர பிளேடும் போதும். ஆடியின் மேடு பள்ளம் நிழலாக விரிந்து கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததைத் திருத்தலாம். திருத்தியதை மறுபடி பார்க்கலாம். பரீட்சையில் தப்பாக எழுதியதை ஒரு தரம் கொடுத்துவிட்டால் முடிந்தது. இங்கே தப்பு என்பது அடுத்த சனிக்கிழமைக்கான வேலை, அவ்வளவுதான்.

இந்த வழியில் நடந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. நியூட்டன் 1668இல் தன் முதல் டெலஸ்கோப்பைச் செய்தபோது உலோக ஆடியைத் தானே வார்த்துத் தேய்த்தார். பிட்ச்சால் மெருகேற்றும் முறையை 1704இல் வெளிவந்த தன் ஒளியியல் நூலில் எழுதி வைத்தார். இங்கிலாந்தின் பாத் நகரில் இசை ஆசிரியராக இருந்த வில்லியம் ஹெர்ஷல், தானே செய்த ஆடியை வைத்துத்தான் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டார். ஒரு முறை அவர் பதினாறு மணி நேரம் ஆடியிலிருந்து கையை எடுக்காமல் மெருகேற்றியபோது, தங்கை கரோலின் அவருக்கு வாயில் ஊட்டிவிட்டாராம்.

பெண் பிள்ளைகளே, கரோலினைக் கவனியுங்கள். ஆடி வார்க்கும் அச்சுக்காகக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தது அவர்தான். ஊட்டிவிட்டது அவர்தான். அதோடு அவர் நிற்கவில்லை. 1786 தொடங்கி எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தார். வேலையின் அடிமட்டத்தில் கை வைத்தவருக்குத்தான் வானத்தில் எதைத் தேட வேண்டும் என்று கண் பழகியது என்று நான் நினைக்கிறேன்.

ஜான் டாப்சன் என்றொருவர். சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாமல், கப்பல் ஜன்னலிலிருந்து வந்த பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தபின் தெருவோரத்தில் டெலஸ்கோப்பை வைத்துப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நிலவைக் காட்டினார். அவர் பெயரில் ஒரு டெலஸ்கோப் வகையே இன்று உலகம் முழுக்க இருக்கிறது. 2014இல் தன் தொண்ணூற்றெட்டாவது வயதில் மறையும்வரை கற்றுத்தந்துகொண்டே இருந்தார்.

அவ்வளவு தூரம் ஏன்? நாம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த காவலூர் நினைவிருக்கிறதா? ஜவ்வாது மலையில் நிற்கும் வைணு பாப்பு டெலஸ்கோப்பின் ஆடி 2.34 மீட்டர் அகலம். அதைத் தேய்த்து மெருகேற்றியது வெளிநாட்டுக் கம்பெனி அல்ல. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கூடத்தில், நம்மவர்கள். 1986இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வாங்கியிருக்கலாம். செய்தால்தான் செய்யத் தெரிந்தவர்கள் நாட்டில் இருப்பார்கள் என்று நினைத்தார்கள். நாட்டுக்குச் சரியென்றால் நம் ஊர்ப் பள்ளிக்கும் சரிதான்.

ஆகவே என் யோசனை இது. சேரும் பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் இரண்டு கண்ணாடி வட்டு, தூள் வகைகள், பிட்ச், சீரியம் ஆக்ஸைடு, பாதுகாப்பு உறைகள், கண்வில்லைகள், பிறகு ஆடிக்கு அலுமினியம் பூசும் செலவு. மறு பாதியை அப்படியே வைத்திருங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் இரண்டாவது ஆடி செய்யட்டும். இந்த ஆண்டு செய்தவர்கள் அவர்களுக்குப் பதம் சொல்லிக்கொடுப்பார்கள். ஆசிரியர் மாறினாலும் நிற்காத பாடம் அதுதான்.

ஆள் பலமும் வேண்டும். டைல்ஸ் வேலை செய்யும் தம்பி, பிளாஸ்டர் தட்டுக்கு நீதான் குரு. ஓசூர் தம்பி, நீ மறுத்துப் பேசினாலும் சோதனைக்கு ஸ்டாண்டு செய்து தர உன்னை விட்டால் ஆள் இல்லை. செவிலியராக இருக்கும் பாப்பா, பிட்ச் உருக்கும் நாளில் முதலுதவிப் பெட்டியோடு நீ வந்து நிற்க வேண்டும். நீ வர முடியாத நாளில் உருக்க மாட்டோம். துபாயில் இருப்பவர்கள் பணம் அனுப்பியது போதும், ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை வந்து தேயுங்கள். கைக்கு நல்லது. அதிரசம் சுடும் அம்மாக்கள் இரண்டு பேராவது வர வேண்டும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு முதல் பாடம் எடுக்கப் போவது அவர்கள்தான்.

கரட்டுத் தூளோடு தேய்க்கும் வேலையை ஐப்பசியில் தொடங்கினால், பிட்ச் வேலை மார்கழி, தை மாதத்தில் வரும். அந்தக் குளிரில் பிட்ச் நமக்குச் சொன்னபடி கேட்கும். பிட்ச்சைத் தொடுவதற்கு முன் அறையைக் கழுவி, பழைய தூள் ஒரு மணி கூட இல்லாமல் செய்ய வேண்டும். ஒரு பரல் பிட்ச்சில் ஒட்டினால் போதும், ஆடி முழுக்கக் கோடு போட்டுவிடும். வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

தலைமையாசிரியரிடம் நான் பேசிவிட்டேன். பெற்றோர் ஒப்புதல் கடிதம் எழுத்தில் இருந்தால் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து அறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இனி நீங்கள் சொல்ல வேண்டும். வேறு கருத்து இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள், டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன். வெறும் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வருகிறேன், வரவில்லை, எந்தச் சனிக்கிழமை, இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்